இப்னு நஃபீஸும் நம் கட்டுரையாளர்களும்

முஸ்லிம்களின் அறிவியல் கொடை குறித்து நம் மலர்களிலும் இதழ்களிலும் வெளிவரும் கட்டுரைகளில் ஒரு வாக்கியம் தவறாமல் இடம்பெறுகிறது: வில்லியம் ஹார்விக்கு முன்பே இரத்த ஓட்டத்தைக் கண்டுபிடித்தவர் இப்னு நஃபீஸ். சிலர் முந்நூறு ஆண்டு முன் என்பர். சிலர் நானூறு என்பர். எந்த நூலில் சொன்னார், என்ன சொன்னார் என்பது மட்டும் இருக்காது. இதை எழுதுபவனும் மாணவப் பருவத்தில் ஒரு மீலாது மலருக்கு அவ்வாறே எழுதியவன்தான். முந்தைய ஆண்டு மலரிலிருந்து எடுத்தேன். அதை எழுதியவர் எங்கிருந்து எடுத்தார் என்று கேட்க அன்று தோன்றவில்லை.

அந்த வாக்கியம் முழுப் பொய்யன்று, பாதி உண்மை. அதனாலேயே அது நெடுங்காலம் பிழைத்திருக்கிறது.

அரபு மருத்துவர்கள் ஜாலீனூஸ் என்றழைத்த கேலனின் கொள்கைப்படி, இரத்தம் கல்லீரலில் உண்டாகி, நாளங்கள் வழியே சென்று உறுப்புகளில் செலவழிந்து விடுகிறது. அதில் ஒரு பகுதி இதயத்தின் வலது அறையை அடைந்து, நடுச்சுவரிலுள்ள கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியே இடது அறைக்குள் கசிகிறது. இப்னு சீனாவின் ‘அல்கானூன்’ நூலும் இவ்வழியையே பின்பற்றியது. அந்நூலின் உடற்கூற்றுப் பகுதிக்கு 1242இல், முப்பது வயதை ஒட்டிய பருவத்தில், இப்னு நஃபீஸ் விளக்கவுரை எழுதினார். நடுச்சுவர் தடித்தது, அதில் வெளிப்படையான துளையுமில்லை, மறைவான துளையுமில்லை என்று அதில் மறுத்தார். வலது அறையின் இரத்தம் நுரையீரலுக்குச் சென்று, அங்கே காற்றுடன் கலந்து, பின்னரே இடது அறையை அடைய முடியும் என்றார். இதயத்திற்கு அறைகள் மூன்று என்ற இப்னு சீனாவின் கூற்றையும் ஏற்காது, இரண்டே என்றார். தாம் உரை எழுதும் நூலாசிரியரையே மறுக்கும் உரையாசிரியர் அவர்.

ஆயினும் உடல் முழுவதும் இரத்தம் சுற்றி மீண்டும் இதயத்திற்குத் திரும்புகிறது என்று அவர் எங்கும் சொல்லவில்லை. அதை 1628இல் நிறுவியவர் ஹார்வி. அரைமணி நேரத்தில் இதயம் வெளியேற்றும் இரத்தம் உடலிலுள்ள மொத்த இரத்தத்தையும் விஞ்சும் என்று கணக்கிட்டு, அது திரும்பி வந்தாக வேண்டும் என அவர் முடிவுக்கு வந்தார். நுரையீரல் வழி வேறு. முழுச் சுற்று வேறு. நம் கட்டுரைகள் இரண்டையும் ஒன்றாக்கி, இப்னு நஃபீஸ் சொல்லாததை அவர் வாயில் வைத்துவிட்டு, அவர் சொன்னதைச் சொல்லாமல் விட்டுவிடுகின்றன. பெருமைப்படுத்துவதாக எண்ணிச் செய்யும் அநீதி இது.

இத்தனைக்கும், அவரது இந்தச் சிந்தனை உலகிற்குத் தெரிய வந்ததே ஒருவரின் ஆய்வினால்தான். எகிப்தைச் சேர்ந்த முஹ்யித்தீன் அத்ததாவி என்னும் மருத்துவ மாணவர், பெர்லின் நூலகத்தில் அந்த விளக்கவுரையின் கையெழுத்துப் படியைக் கண்டு வாசித்து, 1924இல் ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் பல்கலைக்கழகத்திற்கு ஆய்வேடு அளித்தார். அரபு அறியாத பேராசிரியர்கள் ஐயுற்றனர். கெய்ரோவில் கண் மருத்துவராயிருந்த அறிஞர் மாக்ஸ் மேயர்ஹோஃபிடம் அது அனுப்பப்பட்டது. அவர் மூலத்தை ஆராய்ந்து, உண்மையென உறுதி செய்து, 1930களில் அதுபற்றித் தாமே எழுதினார். ஒரு மாணவர் பழைய ஏட்டைத் திறந்தார், ஆசிரியர்கள் நம்ப மறுத்தனர், மூன்றாமவர் சரிபார்த்தார். பெருமைக்கு முன்னே ஐயம் நின்றது.

ஒரு நபிமொழியை ஏற்குமுன் ‘உமக்கு இதை அறிவித்தவர் யார், அவருக்கு அறிவித்தவர் யார்’ என்று கேட்ட சமுதாயம் நாம். இமாம் புகாரீ (ரஹ்) அவர்களின் பயணங்களைப் பக்கம் பக்கமாகப் புகழ்கிறோம். மருத்துவ வரலாறு எழுத உட்கார்ந்ததும் அந்தக் கேள்வி ஏன் மறந்துவிடுகிறது? மார்க்கச் செய்திக்கு மட்டும்தான் சான்று வேண்டும் என்று யாரும் நமக்குக் கற்பிக்கவில்லை.

தேடினால் கேள்விகள் பெருகுகின்றன. உடலை அறுத்துப் பார்ப்பதை ஷரீஅத்தும் தம் இயல்பான இரக்கமும் தடுத்தன என்று இப்னு நஃபீஸ் அந்நூலிலேயே குறிப்பிடுகிறார். அவ்வாறாயின் துளையில்லை என்பதை எவ்வாறு அறிந்தார்? இரகசியமாக அறுத்துப் பார்த்திருப்பார் என்போர் உண்டு. விலங்குகளின் இதயத்தைப் பார்த்திருக்கலாம் என்போர் உண்டு. 2013இல் நூல் வெளியிட்ட ஆய்வாளர் நஹ்யான் ஃபேன்சியோ, உயிர், உடல், மறுமை பற்றிய அவருடைய மெய்யியலிலிருந்தே இம்முடிவு பிறந்தது என்று வாதிடுகிறார். என் பழைய மலர்க் கட்டுரையைவிட இந்த விவாதத்தில் இப்னு நஃபீஸ் எத்துணைப் பெரியவராகத் தெரிகிறார்!

இன்னொன்றும் பரவலாக எழுதப்படுகிறது: 1553இல் நுரையீரல் வழியைப் பற்றி எழுதிய செர்வெட்டஸ் இப்னு நஃபீஸிடமிருந்து திருடினார் என்று. திமிஷ்கில் நெடுங்காலம் வாழ்ந்த ஆண்ட்ரியா அல்பாகோ செய்த மொழிபெயர்ப்பு 1547இல் வெனிஸில் அச்சானது உண்மையே. ஆனால் அதிலுள்ளது ‘அல்கானூன்’ நூலின் ஐந்தாம் பகுதிக்கான உரை. கூட்டு மருந்துகளைப் பற்றியது. இதயமும் நுரையீரலும் அதன் பொருளல்ல. திருட்டுக் குற்றம் சாட்டுவோர் முதலில் வேறொரு ஏட்டைக் கண்டெடுத்துக் காட்ட வேண்டும்.