ஊமை ராணியை எந்தக் குரலில் வாசிப்பது?

சாகச நாவல் ஒட்டுக்கேட்பவர்களின் இலக்கியம். கடம்பூர் மாளிகையில் இரவு தங்கும் வந்தியத்தேவன் சிற்றரசர்களின் சதிப்பேச்சைக் கேட்டுவிடுகிறான். அங்கிருந்துதான் ‘பொன்னியின் செல்வன்’ வேகம் பிடிக்கிறது. ஸ்டீவன்சனின் ‘புதையல் தீவு’ நாவலில் ஆப்பிள் பீப்பாய்க்குள் கிடக்கும் சிறுவன் ஜிம், கப்பல் சமையல்காரன் தீட்டும் திட்டத்தைக் கேட்கிறான். குதிரையும் வாளும் கப்பலும் பிறகு. முதலில் காது.

ஒட்டுக்கேட்பது பெண்களுக்குப் புதிதல்ல. நம் கல்யாணப் பேச்சையும் நிலம் விற்ற பேச்சையும் அப்பாவின் கடனையும் கதவுக்குப் பின்னால் நின்றுதானே தெரிந்துகொண்டோம். ஆனால் கதைக்குள் ஒட்டுக்கேட்ட ஆணுக்குக் குதிரை கிடைக்கிறது. வீட்டுக்குள் ஒட்டுக்கேட்ட பெண்ணுக்கு ‘உள்ளே போ’ என்ற சொல்தான் கிடைத்தது.

இன்று அந்த நாவல்களே காதுக்கு வந்துவிட்டன. கல்கியின் எழுத்துகள் அரசுடைமை ஆனவை. அவற்றை யாரும் வாசித்துப் பதிவு செய்யலாம். பாம்பே கண்ணன் பல குரல் கலைஞர்களைக் கொண்டு ‘பொன்னியின் செல்வன்’ முழுவதையும் ஒலிநூலாக்கினார். யூடியூபிலும் பாட்காஸ்ட்களிலும் தனி ஆளாக அத்தியாயம் அத்தியாயமாக வாசிப்பவர்கள் பலர். 2022இலும் 2023இலும் மணிரத்னத்தின் இரண்டு பாகத் திரைப்படம் வந்தபோது, ஐந்து பாக நாவலைப் படிக்க நேரமில்லாதவர்கள் அதைக் கேட்கத் தொடங்கினார்கள்.

அப்படிக் கேட்பவர்களில் பழனிமலைப் பெண்களும் உண்டு. என் மாணவிகள் பூம்பாறை, மன்னவனூர், தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கங்களிலிருந்து வருகிறார்கள். பூம்பாறையில் பூண்டு. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு அதுதான். அதைக் காயவைப்பதும் தாள் அறுப்பதும் தரம் பிரிப்பதும் பெரும்பாலும் பெண்களின் கைகள். தாண்டிக்குடிப் பக்கம் காப்பிப் பழம் பறிக்கும் கைகள். இந்த வேலைகளில் கையும் கண்ணும் ஓயாது. காது மட்டும் சும்மா இருக்கும். கோடை பண்பலையின் கோபுரம் மலைமேல் நின்று மதுரை, தேனி, திண்டுக்கல் வரை பாட்டு அனுப்பிய காலத்திலிருந்தே இங்கே அந்தக் காதுக்குப் பழக்கம் உண்டு. இப்போது வத்தலக்குண்டில் பேருந்து நிற்கும் நேரத்துக்குள் பத்து அத்தியாயங்களைக் கைபேசியில் இறக்கிக்கொண்டு மலையேறுகிறார்கள், ஏனென்றால் வளைவுகளில் சிக்னல் கிடைக்காது. ஒரு மாணவியின் அம்மா ஒரு பூண்டுப் பருவத்திலேயே முதல் இரண்டு பாகங்களை முடித்துவிட்டார். அவர் படித்தது நான்காம் வகுப்புவரை.

‘கேட்பது வாசிப்பாகுமா?’ என்று கேட்கும் தமிழ்த்துறைக்காரர்களை எனக்குத் தெரியும். அவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வாசிக்க உட்கார வேண்டும். உட்கார்ந்து புத்தகம் பிடித்திருக்கும் பெண் நம் வீடுகளில் இன்னும் வேலையற்றவளாகத்தான் தெரிகிறாள். இயர்போனைத் தலைத்துணி மறைத்துவிடும். அதிலும் அந்த அம்மா ஒரு காதில்தான் அதை மாட்டுகிறார். மற்றக் காது குக்கருக்கு, பிள்ளைக்கு, மேஸ்திரியின் கூப்பாட்டுக்கு. பாதிக் காதுக்குள் சோழநாட்டையே கொண்டுவந்துவிட்ட வாசகி அவர். கல்கி இதழில் 1950 அக்டோபரில் இந்தத் தொடர் தொடங்கி மூன்றரை ஆண்டுகள் ஓடியபோதும், எழுத்துத் தெரிந்த ஒருவர் வாசிக்க வீட்டுப் பெண்கள் சுற்றியிருந்து கேட்ட கதையைப் பல குடும்பங்கள் நினைவில் வைத்திருக்கின்றன. செவிவழி வாசகி புதியவள் அல்ல.

ஆகவே என் கேள்வி வேறு. எழுத்து குரலாக மாறும்போது அதிகாரம் யார் கைக்குப் போகிறது?

‘புதையல் தீவு’ வீட்டில் உரக்க வாசிக்கப்பட்டு வளர்ந்த கதை. 1881இல் ஸ்காட்லாந்தின் பிரேமர் கிராமத்தில் எழுத எழுத ஸ்டீவன்சன் அதைக் குடும்பத்தாருக்கு வாசித்துக் காட்டினார். கதையில் பெண்கள் வேண்டாம் என்பது வளர்ப்பு மகனின் விருப்பம், அவரும் இசைந்தார். ஜிம்மின் அம்மா தொடக்கத்தில் வந்து போவதோடு சரி. அதைக் கேட்கும் பெண் மணிக்கணக்கில் ஆண்களின் உலகத்தில் விருந்தாளியாக இருக்கிறாள். கல்கி அப்படிச் செய்யவில்லை. குந்தவை நாட்டை நடத்துகிறாள். பூங்குழலி தனியாகப் படகு வலித்துக் கடலைக் கடக்கிறாள். புயலில் தத்தளிக்கும் இரண்டு ஆண்களை அவள்தான் கரை சேர்க்கிறாள். சாகசத்தின் துடுப்பு ஒரு பெண்ணின் கையில் இருக்கும் தமிழ் நாவல் இது. அதனால்தான் இதை இவ்வளவு பெண்கள் கேட்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

அந்த நாவலின் ஆழத்தில் மந்தாகினி இருக்கிறாள். காது கேளாதவள், பேச இயலாதவள். நாவல் அவளை ஊமை ராணி என்கிறது. காவிரியில் விழுந்த குழந்தை அருள்மொழியைத் தூக்கிக் காப்பாற்றியவள் அவளே. காவிரித் தாயே வந்து காத்தாள் என்று நம்பியதால்தான் அவன் பொன்னியின் செல்வன். அதாவது இந்த நாவலின் தலைப்பே பேசாத ஒரு பெண்ணின் செயல். கடைசியில் சுந்தர சோழர்மீது எறியப்படும் வேலைத் தன் உடலில் வாங்கிச் சாகிறவளும் அவள்தான்.

அச்சில் மந்தாகினிக்குக் குறை இல்லை. காகிதத்தில் எல்லோருமே மௌனம். வந்தியத்தேவனின் குறும்புப் பேச்சும் மந்தாகினியின் கையசைவும் அதே மை, அதே எழுத்து. ஈழத்தில் அவள் தன் கதையைச் சுவரோவியங்களால் அருள்மொழிக்குச் சொல்லும் அத்தியாயத்துக்குக் கல்கி ‘சித்திரங்கள் பேசின’ என்று பெயர் வைத்தார். நாம் அந்தச் சித்திரங்களை மனசுக்குள் நாமே வரைந்துகொள்கிறோம்.

ஒலியில் இந்தச் சமத்துவம் உடைகிறது. எல்லோருக்கும் குரல் வந்துவிடுகிறது, அவளைத் தவிர. பழுவேட்டரையருக்குக் கரகரப்பு, ஆழ்வார்க்கடியானுக்கு இழுவை, பூங்குழலிக்குப் பாட்டு. மந்தாகினிக்கு? நான் கேட்ட வடிவங்களில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, முனகலும் மூச்சிரைப்பும். ராணியாகியிருக்க வேண்டியவள் காட்டு விலங்காகக் காதில் விழுகிறாள். மற்றொன்று, கதைசொல்லியின் குரல், பெரும்பாலும் ஆண்குரல், அவளுடைய மனசையும் சேர்த்துச் சொல்லிவிடுவது. முதல் வழி அவளை இழிவுபடுத்துகிறது. இரண்டாவது வழி அவளுக்காகப் பேசுகிறது, நம் வீடுகளில் பேசுவதைப் போலவே.

இவள் மகள் நந்தினிக்கு எதிர்த்திசையில் அநியாயம் நடக்கிறது. தாய்க்குப் பேச்சே இல்லை. மகளுக்குப் பேச்சே ஆயுதம். அச்சில் அவள் வார்த்தைகளை எடைபோட நமக்கு நேரம் உண்டு: இது வஞ்சமா, வலியா, இரண்டுமா? குரல் கொடுப்பவரோ பெரும்பாலும் நமக்கு முன்பே முடிவு செய்துவிடுகிறார். குரலைத் தாழ்த்தி, மூச்சைக் கலந்து, முதல் வாக்கியத்திலேயே ‘இவள் மோகினி’ என்று அறிவித்துவிடுகிறார். குந்தவை சூழ்ச்சி செய்யும்போது அந்த மூச்சுக் கலப்பு இல்லை. அவள் செய்வது அரசியல். ஒரே வகைச் செயலுக்கு இரண்டு தொனிகள். இந்தத் தீர்ப்பு எழுத்தில் பாதி இருக்கலாம். ஒலி அதை முழுதாக்குகிறது.

இங்கே வை. மு. கோதைநாயகியை நினைத்துக்கொள்கிறேன். 1901இல் பிறந்து, குழந்தையிலேயே மணமாகி, பள்ளி செல்லாதவர். தம் முதல் படைப்பான ‘இந்திர மோகனா’ நாடகத்தை அவர் சொல்லச் சொல்லத் தோழி பட்டம்மாள் எழுதினார். பிறகு 1925 முதல் ‘ஜகன்மோகினி’ இதழை நடத்தினார். நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதினார், துப்பறியும் கதைகள் உட்பட. ஒரு பெண் சொல்ல, இன்னொரு பெண் எழுத, கேட்ட குரலே அச்சானது. நம் வெகுசன நாவலுக்கு இப்படியும் ஒரு பிறப்பு உண்டு. வந்தியத்தேவனைக் கேட்கும் மாணவிகளிடம் கோதைநாயகியின் ஒரு கதையையாவது காதால் கேட்டதுண்டா என்றேன். வகுப்பில் ஒரு கைகூட உயரவில்லை. எது ‘செவ்வியல்’ சாகசம் என்பதை, எந்த நூலுக்குக் குரல் கிடைக்கிறது என்பதே இனி தீர்மானிக்கப் போகிறது.

அதனால் சென்ற பருவத்தில் ஒரு பயிற்சி வைத்தேன். மந்தாகினி வரும் பகுதி ஒன்றைக் குழுவாக வாசித்துக் கைபேசியில் பதிவு செய்து வர வேண்டும். முதல் குழு முனகலை முயன்றது. வாசித்தவளே பாதியில் நிறுத்திவிட்டாள். இரண்டாம் குழு அவள் சைகை வரும் இடங்களில் சில நொடி வெறும் இடைவெளி விட்டது. வகுப்பு அமைதியானது. ஆனால் என்ன நடக்கிறதென்று யாருக்கும் விளங்கவில்லை. மூன்றாம் குழு கதைசொல்லியையே மாற்றியது. அந்தப் பகுதி முழுவதையும் பூங்குழலியின் குரலில் வாசித்தார்கள். அவள் மந்தாகினியின் அண்ணன் மகள். அத்தையின் சைகைமொழி தெரிந்தவள். ‘அத்தை கையை இப்படி வைத்தாள், அதற்கு அர்த்தம் இது’ என்று அவள் சொன்னபோது, மந்தாகினி முதன்முறையாக ஒரு மொழி உடையவளாகக் கேட்டாள்.

வகுப்பு கைதட்டியது. பின்வரிசையிலிருந்து ஒருத்தி எழுந்தாள். “மேடம், அப்பவும் அந்தம்மாவுக்காக வேற ஒருத்தர்தானே பேசுறாங்க?”

சரியான கேள்வி. முழுப் பதில் என்னிடம் இல்லை. ஒரு வேறுபாட்டை மட்டும் காட்ட முடியும். எல்லாம் தெரிந்த கதைசொல்லி ‘அவள் நினைத்தாள்’ என்கிறார். பூங்குழலி ‘எனக்கு இப்படிப் புரிந்தது’ என்கிறாள். தவறாகப் புரிந்திருக்கவும் இடம் விடுகிறாள். மொழிபெயர்ப்பவளுக்கும் உரிமையாளருக்கும் உள்ள தூரம் அது. பட்டம்மாள் கோதைநாயகிக்கு எழுதித் தந்தபோது இருந்த உறவும் அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இதை வாசிக்கும் உங்களிடம் ஒரு கைபேசி இருக்கும். பதிவு செய்ய வேறு எதுவும் வேண்டாம். நந்தினியின் ஒரு பக்கத்தை எடுத்து, மூச்சைக் கலக்காமல், அவள் சொல்வதை அவள் நம்புகிறாள் என்ற எண்ணத்தோடு வாசித்துப் பாருங்கள். நூலகத்தில் கோதைநாயகியின் ஒரு கதை கிடைத்தால் அதையும். வாசித்ததைப் புத்தகம் பிடிக்க முடியாத ஒருவருக்கு அனுப்புங்கள். பூம்பாறையில் அந்த அம்மா மூன்றாம் பாகத்துக்கு வந்துவிட்டார். இந்த முறை அவருக்கு வாசிப்பது அவருடைய மகள்.