பதிப்பு முறைகளை ஒப்பிடல்: அளவுகோல் பற்றிய சில குறிப்புகள்

அளவெட்டியில் அண்மையில் இலக்கிய ஆர்வலர் சிலர் கூடிய கலந்துரையாடலொன்றில் பழைய வினாவொன்று மீண்டும் எழுந்தது: பதிப்பாசிரியருள் சிறந்தவர் சி. வை. தாமோதரம்பிள்ளையா, உ. வே. சாமிநாதையரா? வலிகாமத்திலே சிறுப்பிட்டியாருக்கு ஆதரவு மிகுந்ததில் வியப்பில்லை. கும்பகோணத்தில் கேட்டிருப்பின் விடை மாறியிருக்கும். இடத்திற்கேற்ப விடை மாறுமாயின், அங்கு அளக்கப்பட்டது பதிப்பு முறையன்று, பிரதேச அபிமானமே.

ஏட்டுப் பாடங்களைச் சோதித்துப் பிழை களைவதற்கான கருவியே பதிப்பு முறை. இரு கருவிகளை ஒப்பிடுவதாயின் இரண்டிற்கும் ஒரே பொருளைத் தரவேண்டும். 1887இல் பிள்ளை கலித்தொகையையும் ஐயர் சீவக சிந்தாமணியையும் வெளியிட்டனர். ஆண்டு ஒன்றாயினும் நூல்கள் வேறு. கிடைத்த ஏடுகளின் நிலையும் வேறு. இவ்விரண்டையும் அருகருகே வைத்துத் தீர்ப்புக் கூறுதல் முறையாகாது.

ஒரே நூலை எடுத்துக்கொண்டாலும் சிக்கல் தீர்ந்துவிடாது. கலித்தொகையை இ. வை. அனந்தராமையர் 1925இல் மீண்டும் பதிப்பித்தார். அவர் முன் பிள்ளையின் அச்சுநூல் இருந்தது. பிள்ளையின் முன் ஏடுகள் மட்டுமே இருந்தன. முன்னவரின் உழைப்பு பின்னவருக்கு மூலதனமாகிறது. இதனைக் கணக்கிற் கொள்ளாத ஒப்பீடு, காலத்தாற் பிந்தியவருக்கே எப்போதும் வெற்றியளிக்கும்.

உழைப்பின் சூழலும் நோக்கத்தக்கது. ஏடுகள் மடங்களினதும் வசதிபடைத்த குடும்பங்களினதும் உடைமையாயிருந்தன. ஐயருக்குத் திருவாவடுதுறை ஆதீனத்தின் தொடர்பு இருந்தது. பிள்ளையோ அரசாங்கக் கணக்கு அலுவலகத்திலும் பின்னர் புதுக்கோட்டையில் நீதிபதியாகவும் பணியாற்றியவாறே பதிப்பித்தவர். எனினும், சூழல் பிழையை விளக்குமேயன்றிப் பிழையை இல்லாததாக்காது. 1885இல் அவர் தொல்காப்பியப் பொருளதிகாரம் முழுமையையும் நச்சினார்க்கினியர் உரையுடையதாக வெளியிட்டார். இறுதி நான்கு இயல்களின் உரை பேராசிரியருடையது என்பதை ரா. இராகவையங்கார் பின்னர் எடுத்துக்காட்டினார். நம்மவர் என்பதற்காக இதனை நாம் மறைத்தலாகாது.

இனி, எதனைப் பிழையெனக் கணக்கிடுவது? கருவியொன்று இருவகையில் தவறலாம். பிழையான பாடத்தைச் சரியென விடலாம். சரியான பாடத்தைப் பிழையென நீக்கலாம். முதலாவதையே நாம் வழக்கமாக எண்ணுகிறோம். இரண்டாவது கண்ணுக்குப் புலப்படாதது. ஆதலால் மேலும் ஆபத்தானது. இலக்கண நூலுக்கு இசையாத அருகிய வழக்கைத் திருத்திவிடும் பதிப்பு தூய்மையானதாகத் தோன்றும். ஆனால் அத்தூய்மையின் பெயரால் ஒரு காலத்து மக்களின் மொழியே அழிக்கப்பட்டிருக்கக்கூடும். பிரதிபேதங்களை அடிக்குறிப்பிலே தரும் பதிப்பு இங்குதான் மேம்படுகிறது. அது தன் முடிவைச் சோதிக்கும் உரிமையை வாசகனுக்கு வழங்குகிறது; புலமை அதிகாரத்தின் தனியுடைமையாவதைத் தடுக்கிறது.

ஆகவே, நேர்மையான ஒப்பீட்டிற்குச் செய்யத்தக்கது இதுவே: ஒரு நூலின் குறித்த பகுதியைத் தெரிந்து, எஞ்சியுள்ள ஏடுகளோடு பதிப்புகள் யாவற்றையும் ஒப்புநோக்கி, இருவகைத் தவறுகளையும் தனித்தனியே கணக்கிட்டு, அளவுகோலை முன்கூட்டியே அறிவித்தல். முடிவு தெரிந்தபின் அளவுகோலைத் தெரிதல் விமர்சனமன்று, வழக்காடலே.

எஞ்சியுள்ள ஏடுகள் என்றேன். 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது சுவடிகளும் சாம்பலாயின. ஏடு அழியும்போது நூல் மட்டும் அழிவதில்லை. நூலைச் சோதிப்பதற்கான சான்றும் அழிகிறது. யார் பெரியவர் என்ற வாதத்தை ஒத்திவைத்து, வீடுகளில் எஞ்சியுள்ள சுவடிகளைப் பேணுவதே இன்று நம்முன்னுள்ள முதற் கடமை.