விதிகளை நிரலுக்கு வெளியே வைப்பது

2025 செப்டம்பர் 3 அன்று ஜிஎஸ்டி கவுன்சில் 12, 28 சதவீத அடுக்குகளை விலக்கியது. இனிப் பெரும்பாலும் 5, 18. சில பொருள்களுக்கு மட்டும் 40 என்று முடிவானது. பெரும்பாலான பொருள்களுக்கு செப்டம்பர் 22 முதல் அமல். பில்லிங் மென்பொருள் எழுதுபவர்களுக்குக் கிடைத்த அவகாசம் மூன்று வாரம்கூட இல்லை. இப்படி அடிக்கடி மாறும் விதிகளை நிரலுக்குள் புதைக்காமல், தனி அட்டவணையிலோ 'ரூல்ஸ் என்ஜின்' எனப்படும் விதிப்பொறியிலோ வைக்க வேண்டும் என்பது நம் துறையில் வேரூன்றிய வழக்கம். நல்ல வழக்கம்தான். ஆனால் அது தீர்ப்பதாகச் சொல்லும் சிக்கலில் பாதியைத்தான் தீர்க்கிறது.

நிரலுக்குள்ளேயே '12' என்று எழுதியிருந்தால், பில் போடும் இடத்தில் மாற்றிய பிறகும் மாத அறிக்கையின் ஏதோ ஒரு மூலையில் பழைய எண் உட்கார்ந்திருக்கும். அட்டவணையில் அந்தத் தொல்லை இல்லை. அதைவிடப் பெரிய ஆதாயம் ஒன்று உண்டு: நிரல் படிக்கத் தெரியாத, ஆனால் வரிச் சட்டம் தெரிந்த கணக்காளர் அட்டவணையைப் பார்த்த மாத்திரத்தில் தவறைச் சுட்டிக்காட்டிவிடுவார்.

குறை தொடங்கும் இடம் தேதி. ஒரு சட்டையின் விலை 2,400 ரூபாய். செப்டம்பர் 20 அன்று 12 சதவீதம். வரியோடு 2,688 ரூபாய். இரண்டு நாள் கழித்து அதே சட்டைக்கு 5 சதவீதம். அட்டவணையில் 12-ஐ அழித்துவிட்டு 5 என்று எழுதினால், 25-ஆம் தேதி சட்டையைத் திருப்பிக் கொண்டுவருபவருக்கு 2,520 ரூபாய்தான் திரும்பக் கிடைக்கும். வாங்கிய நாளின் வீதத்தில்தான் கிரெடிட் நோட் போட வேண்டும். ஆகவே எதையும் அழிக்கக் கூடாது; 'எந்த நாள் முதல், எந்த நாள் வரை' என்ற இரண்டு பத்திகளோடு புதிய பதிவைச் சேர்க்க வேண்டும். அப்போதும் எந்த நாளைக் கொண்டு தேடுவது? சரக்கு கொடுத்த நாள், பில் போட்ட நாள், பணம் வந்த நாள் மூன்றையும் பார்க்கச் சொல்கிறது ஜிஎஸ்டி சட்டத்தின் 14-ஆம் பிரிவு. இவற்றில் இரண்டு, வீதம் மாறிய நாளுக்கு எந்தப் பக்கம் விழுகின்றனவோ அந்தப் பக்கத்து வீதம்தான் பொருந்தும். வெறும் வீத அட்டவணையில் இதற்கு இடமில்லை.

விதிகள் ஒன்றோடொன்று உரசுவது அடுத்த குறை. ஆயத்த ஆடைக்கு 2,500 ரூபாய் வரை 5, அதற்கு மேல் 18. சட்டை 2,600 ரூபாய், பில்லிலேயே பத்து சதவீதத் தள்ளுபடி. தள்ளுபடியை முதலில் கழித்தால் மதிப்பு 2,340, வரி 117 ரூபாய். அடுக்கை முதலில் தேர்ந்துவிட்டால் வரி 421 ரூபாயைத் தாண்டும். தள்ளுபடி அட்டவணை சரி, வரி அட்டவணையும் சரி. பில் மட்டும் தப்பு. எது முன், எது பின் என்பதும் ஒரு விதிதான். அது பெரும்பாலும் யாரும் பார்க்காத நிரலில்தான் கிடக்கிறது.

இந்த உரசலை விதிப்பொறி தீர்க்கும் என்பார்கள். அதன் வேர் பழையது: சார்லஸ் ஃபோர்கி 1970-களில் வகுத்த 'ரீட்டி' என்ற வழிமுறை. ஆயிரக்கணக்கான விதிகளை அது வேகமாகப் பொருத்திப் பார்க்கும். ஆனால் அவற்றைப் புரிந்துகொள்ளும் சுமை மனிதரிடமே இருக்கும். டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் கணினிகளைக் கட்டமைக்கப் பயன்படுத்திய எக்ஸ்கான் என்ற விதி அடிப்படையிலான மென்பொருள் நன்றாகவே உழைத்தது. விதிகள் பல்லாயிரமாகப் பெருகியதும் அதைப் பராமரிப்பதே பெரும்பாடாயிற்று. 'வணிகப் பிரிவினரே விதிகளை எழுதிக்கொள்வார்கள்' என்ற வாக்குறுதியை நான் நம்புவதில்லை. அவர்களால் படிக்க முடியும், அதுவே பெரிது. எழுதும்போது மோதல்களைக் கண்டுபிடிப்பது வேறு திறமை.

என்னை உண்மையில் கவலைப்பட வைப்பது சோதனை இல்லாமை. நிரலில் ஒரு வரி மாறினால் இன்னொருவர் பார்த்து ஒப்ப வேண்டும், சோதனைகள் ஓட வேண்டும். அட்டவணையில் ஓர் எண்ணையோ யாரோ மாலையில் மாற்றிவிட்டுப் போகலாம். மறுநாள் காலை எல்லாக் கிளைகளிலும் அதுதான் சட்டம். அட்டவணைக்கும் அதே காவல் வேண்டும்: யார், எப்போது, எந்த அறிவிக்கையின்படி மாற்றினார் என்ற பதிவு, இன்னொருவர் ஒப்புதல், மாதிரி பில்களின் தொகுப்பு. அந்தத் தொகுப்பில் திரும்பி வந்த 2,400 ரூபாய்ச் சட்டையும் தள்ளுபடிச் சட்டையும் இருக்கட்டும். கூடவே ஒரு சிகரெட் பெட்டியும்: செப்டம்பர் 22 அன்று அதன் வீதம் மாறவே இல்லை.