புல்லால் ஒரு கட்டடம்

கட்டடக் கலை என்றதும் நமக்கு ஞாபகம் வருவது கோபுரம். அதற்கு அடுத்தபடி அரண்மனை. தஞ்சாவூர்ச் சீமையில் இரண்டுக்கும் குறைவில்லை. திருத்துறைப்பூண்டியில் பிறவி மருந்தீசர் கோவில் இருக்கிறது. அதைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். அந்த ஊரைச் சுற்றியுள்ள கிராமங்களில், மிராசுதார் வீட்டுக் கொல்லையில் நின்ற மாட்டுக் கொட்டிலை மட்டும் யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. அதுவும் கட்டடம்தான். நிறை குறை சொல்லத் தகுந்த கட்டடம் என்பது என் அபிப்பிராயம்.

நிறையை முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டு வரிசைப் பனங்கால்கள். காலின் தலையைக் கவையாகச் செதுக்கி அதில் உத்தரத்தை உட்கார வைப்பார்கள். மேலே மோட்டு வளை. வளையிலிருந்து இரண்டு பக்கமும் சரிந்து இறங்கும் பனங்கைகள், அவற்றின் குறுக்கே மூங்கில் வரிச்சு, அதன் மேல் தென்னங்கீற்று அல்லது வைக்கோல். எல்லாவற்றையும் பிடித்து நிறுத்துவது கயிறு. ஆணி கிடையாது. கடலோரத்து உப்புக் காற்றில் ஆணி துருப்பிடித்து உதிரும். கயிறு இற்றுப் போனால் வேறு கயிறு கட்டிக்கொள்ளலாம். இந்த மண் களிமண். மழையில் ஊதும், கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். விறைப்பாக நிற்கிற சுவர் அதில் விரிசல் விடும். கயிற்றுக் கட்டு சற்றே நெகிழ்ந்து கொடுத்து நின்றுவிடும். ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்கிலிருந்து சாய்ந்து அடிக்கிற மழைக்காகக் கூரையைச் செங்குத்தாகச் சரித்து இறவாணத்தைத் தாழ்த்திவிட்டார்கள். சுவரில்லாததால் காற்று தாராளமாக வந்து போகும். தரை ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கும். மாட்டு மூத்திரம் வாய்க்கால் வழியே எருக்குழிக்குப் போய்விடும். சாயங்காலம் கொசுவுக்குப் போடுகிற மூட்டத்தின் புகை கூரையில் ஏறிப் பூச்சியையும் விரட்டும். வீண் என்று ஓர் அங்கம் கிடையாது. சிறுகதைக்காரன் பொறாமைப்பட வேண்டிய சிக்கனம் அது.

இங்கிலாந்தில் ஹார்மண்ட்ஸ்வொர்த் என்ற ஊரில் ஒரு தானியக் கொட்டகை இருக்கிறது. 1426-ஐ ஒட்டிக் கட்டியது. 192 அடி நீளம். ஓக் மரத் தூண்கள் கல்லின் மேல் கால் வைத்து இன்றும் நிற்கின்றன. அந்த நாட்டார் அதை ஒரு மாதா கோவிலைப் போலக் காப்பாற்றி வருகிறார்கள். நம் கொட்டிலில் அறுநூறு வயதுக் கால் ஒன்றைத் தேடினால் கிடைக்காது. ஓக்குக்கு வைரம் உள்ளே; பனைக்கு வைரம் வெளியே, உள்ளே வெறும் சோறு. தொல்காப்பியர் மரபியலில் இதை வைத்தே இனம் பிரிக்கிறார். உள்ளே வைரமுள்ளது மரம், வெளியே வைரமுள்ளது புல். அந்தக் கணக்கில் பனை புல், தென்னை புல், மூங்கில் புல். வைக்கோலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆகவே நாம் மரக் கட்டடம் என்று சொல்லும் இந்தக் கொட்டிலில் மரமே கிடையாது. நெல் என்ற புல்லை நம்பி வாழ்ந்த சீமை, தன் மாடுகளுக்குப் புல்லாலேயே வீடு கட்டியது. அறுவடை முடிந்த கோடையில் கூரையை மாற்றுவார்கள். காலின் அடி மக்கினால் அந்தக் காலை மட்டும் மாற்றுவார்கள். இந்தக் கட்டடத்தின் பழமை பொருளில் இல்லை. கட்டுகிற கையில் இருக்கிறது.

இவ்வளவோடு நிறுத்திக்கொண்டால் ரசனைக் கட்டுரையாகிவிடும். ஆனால் கொல்லையைத் தாண்டி வயல் வரப்போடு போனால் பண்ணையாளின் குடிசை வரும். அதிலும் அதே மூங்கில், அதே கீற்று, அதே கயிறு. கட்டியதும் அதே கைகள். வித்தியாசம் உயரத்தில்தான். கொட்டிலில் மாட்டின் கொம்புக்கும், வைக்கோல் கட்டைச் சுமந்து வருகிறவன் தலைக்கும் இடம் விட்டாக வேண்டும். குடிசைக்குள் குனிந்துதான் நுழைய வேண்டும்.

மண் இப்படி, மழை இப்படி, வேறு எப்படிக் கட்ட முடியும் என்று சிலர் கேட்பார்கள். பாபநாசத்துக்குப் பக்கத்தில் திருப்பாலைத்துறைக் கோவிலில் ஒரு நெற்களஞ்சியம் இருக்கிறது. வட்டமான செங்கல் கட்டடம், மேலே கூம்பு. ரகுநாத நாயக்கர் காலத்தது. சுமார் 3000 கலம் நெல் கொள்ளும் என்பார்கள். இன்றும் நிற்கிறது. நிலைத்து நிற்கக் கட்டத் தெரியாத சீமையல்ல இது. நெல்லுக்குச் செங்கல், மாட்டுக்குப் பனை, மனிதனுக்குக் கீற்று என்று முடிவு செய்தது மண்ணும் மழையும் அல்ல.

குடிசை நின்ற மனைக்கட்டும் மிராசுதாருடையதுதான். அவருக்குப் பிடிக்காவிட்டால் பண்ணையாள் கீற்றைச் சுருட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். 1952-இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. குடியிருந்த மனை அவனுக்கே சொந்தம் என்று சொல்லும் சட்டம் வர 1971 ஆயிற்று. இரண்டுக்கும் நடுவில், 1968 டிசம்பர் 25 இரவு, திருத்துறைப்பூண்டிக்கு வடகிழக்கே கீழ்வெண்மணியில், கூலிப் போராட்டத்தின் உச்சத்தில், ஒரே குடிசைக்குள் அடைக்கலம் புகுந்த 44 பேர் தீயில் கருகினார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கீற்று எவ்வளவு சுலபமாகப் பற்றும் என்பதும் அந்தக் கட்டடத்தின் குணங்களில் ஒன்று. அதை விட்டுவிட்டுக் காற்றோட்டத்தை மட்டும் புகழ்கிற விமர்சனம் பாதி விமர்சனம்தான்.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யத்தருகே கரையேறி, இந்தப் பக்கத்துத் தென்னைகளைச் சாய்த்துப் போட்டது. கூரைகளும் போயின. கொட்டில் இருந்த இடத்தில் இப்போது பல வீடுகளில் தகரக் கொட்டகை. வெயிலில் மாடு நாக்கைத் தொங்கப் போட்டு நிற்கிறது. மாட்டுக்குப் பழைய கொட்டில்தான் மேல் என்று தயங்காமல் சொல்வேன். குடிசை போய்க் காரை வீடு வந்ததற்காக ஒரு பெருமூச்சுகூட என்னால் விட முடியாது. ஒரே கட்டடக் கலை ஒன்றுக்குப் பொருத்தம், இன்னொன்றுக்குத் தண்டனை. முன்னதில் கட்டியவனின் புத்தி தெரிகிறது. பின்னதில் கட்டச் சொன்னவனின் புத்தி தெரிகிறது.

சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா என்ற காட்சிசாலையை 1996-இல் திறந்தார்கள். பழைய வீடுகளைப் பெயர்த்து வந்து நிறுத்தியிருக்கிறார்கள். தஞ்சை விவசாயியின் வீடும் உண்டு. நல்ல காரியம். என்றாவது ஒருநாள் திருத்துறைப்பூண்டியிலேயே யாராவது இப்படி ஒரு கொட்டிலைக் கட்டிக் காட்ட முன்வரலாம். அப்படி வந்தால் பத்தடி தள்ளி ஒரு குடிசையையும் கட்டட்டும். பார்க்க வருகிறவர் கொட்டிலுக்குள் நிமிர்ந்து போய்விட்டு, குடிசைக்குள் குனிந்து போய் வரட்டும். அழகைப் பற்றி அதற்குப் பிறகு பேசிக்கொள்ளலாம்.