தரங்கம்பாடி: ஆளொழிந்த வீதியும் அயல்நாட்டு முகப்பும்

தரங்கம்பாடியின் வெள்ளை நகரவாயிலைக் கடந்தால் ராஜ வீதி நேர்கோடாகக் கடலை நோக்கி ஓடுகிறது. அதன் இருபுறமும் உருண்ட தூண்கள் தாங்கும் தாழ்வாரங்கள், முக்கோண முகப்புகள், இரண்டு தேவாலயங்கள், ஆளுநர் மாளிகை. தெருமுனையில் மணல்வெளி, அதன் ஓரத்தில் டான்ஸ்போர்க் கோட்டை, கோட்டைக்குப் பின்னால் வங்கக் கடல். ஒரு தலைநகருக்குரிய கட்டடங்கள் இவை. ஆனால் நண்பகலில் இந்த வீதியில் பள்ளிப் பிள்ளைகளையும் சில பயணிகளையும் தவிர ஆள் நடமாட்டம் அரிது. கடைத்தெருவும் பேருந்து இரைச்சலும் மேற்கே பொறையாறில் இருக்கின்றன. தெற்கே சிறிது தொலைவில் நண்டலாறு. அதைத் தாண்டினால் தமிழ்நாடு முடிந்து புதுச்சேரியின் காரைக்கால் தொடங்குகிறது. இவ்வளவு சிறிய எல்லையோர ஊருக்கு இவ்வளவு பெரிய கட்டடங்கள் எப்படி வந்தன, வந்தபின் மக்கள் ஏன் விலகினார்கள் என்ற இரண்டு கேள்விகளையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

டென்மார்க்கிலிருந்து டேனியர் வருமுன்பே இது பெயர் பெற்ற துறை. கடலோரத்து மாசிலாமணிநாதர் கோயில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306இல் எழுந்தது. அங்குள்ள கல்வெட்டு இவ்வூரைச் சடங்கன்பாடி என்றும் குலசேகரன்பட்டினம் என்றும் குறிக்கிறது. தரங்கம் என்றால் அலை. அலைகள் பாடும் ஊர் என்று பிற்காலப் பெயருக்குச் சொல்லப்படும் விளக்கம் இனிமையானது. ஆனால் அந்த அலைகளே கோயிலின் முன்பகுதியை மெல்ல மெல்லத் தின்றுவிட்டன.

டென்மார்க் அரசர் நான்காம் கிறிஸ்டியன் 1616இல் ஒரு கிழக்கிந்தியக் கம்பெனியைத் தொடங்கிவைத்தார். இலங்கையில் கால்பதிக்கும் நோக்கோடு ஓவ கெட்டெயின் தலைமையில் கப்பல்கள் புறப்பட்டன. இலங்கை கைகூடவில்லை. முன்னதாக அனுப்பப்பட்ட ஒரு கப்பலைக் காரைக்கால் அருகே போர்த்துக்கீசியர் அழித்தார்கள். அதில் வந்த ரோலண்ட் கிராப்பே தப்பித் தஞ்சை நாயக்கர் அவையை அடைந்தார். இந்த விபத்திலிருந்துதான் தரங்கம்பாடி உடன்படிக்கை பிறந்தது. 1620 நவம்பரில் இரகுநாத நாயக்கரும் கெட்டெயும் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். ஆண்டுதோறும் செலுத்தும் ஒரு தொகைக்கு ஈடாக டேனியருக்குக் கடற்கரையில் ஒரு நிலத்துண்டும் கோட்டை கட்டும் உரிமையும் கிடைத்தன. நாயக்கர் டென்மார்க் அரசருக்குத் தங்கத் தகட்டில் எழுதியனுப்பிய தமிழ்க் கடிதம் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இன்றும் பத்திரமாக இருக்கிறது. டேனியர் இங்கே வென்று நுழையவில்லை, குடிக்கூலிக்கு வந்தார்கள். ஊரின் அளவையும் அமைப்பையும் புரிந்துகொள்ள இது ஒரு திறவுகோல்.

முதலில் எழுந்தது டான்ஸ்போர்க். கடலை ஒட்டிய சரிவகமான மதிலுக்குள் இரண்டு மாடிக் கட்டடம். கீழ்த்தளத்தில் மிளகும் பிற சரக்கும் அடுக்கும் கிடங்குகள், மேல்தளத்தில் ஆளுநரும் பாதிரியாரும் தங்கும் அறைகள். மதிலைச் சுற்றி ஒருகாலத்தில் அகழியும் தூக்குப்பாலமும் இருந்தன. சிறையும் வணிகசாலையும் ஒரே கூரையின்கீழ் அமைந்த இந்தக் கட்டடம் எவருடைய ஆடம்பரத்துக்காகவும் எழுப்பப்பட்டதல்ல. தடித்த சுவர், வளைவுக் கூரை, கடலைப் பார்த்த பீரங்கிகள் என்று எல்லாமே பண்டகசாலையின் தேவையிலிருந்து வந்தவை.

அடுத்து வந்த காலம் இந்த ஊரின் சரித்திரத்தில் வியப்புக்குரியது. டென்மார்க் ஐரோப்பியப் போர்களில் சிக்கி நொடித்தது. 1669 வரை ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் தாயகத்திலிருந்து ஒரு கப்பலும் வரவில்லை. இருந்த சிலரும் இறந்தார்கள், சிலர் போய்விட்டார்கள். கடைசியில் கோட்டையை நடத்தியவர் எஸ்கில் ஆண்டர்சன் கொங்ஸ்பக்கே. அவர் உள்ளூர்ப் பெண்ணை மணந்து, உள்ளூர் ஆட்களையும் வங்கக் கடலில் பிடித்த கப்பல்களின் வருமானத்தையும் கொண்டு காலம் தள்ளினார். நகரத்தைச் சுற்றி மதில் எழுப்பியதும் இவர்தான். ஆக, டேனியர் கைவிட்ட நாட்களில்தான் டேனிஷ் நகரத்துக்கு மதிலே வந்தது. கட்டியவர்கள் இந்த மண்ணின் கொத்தர்கள்.

தரங்கம்பாடிக் கட்டடங்களைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் 'ஐரோப்பிய பாணி' என்ற சொல்லோடு நின்றுவிடுகிறது. அருகே போய்ப் பார்த்தால் அது பாதி உண்மை என்று தெரிகிறது. முகப்பின் அளவையும் தூணின் வடிவத்தையும் தந்தது ஐரோப்பா. சுவரையும் தளத்தையும் தந்தது சோழமண்டலக் கரை. கிளிஞ்சலைச் சுட்டு எடுத்த சுண்ணாம்பு, மெல்லிய நாட்டுச் செங்கல், தேக்கு உத்தரங்களின்மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிச் சாந்து பூசித் தட்டோடு பதிக்கும் மெட்ராஸ் டெரஸ் தளம் ஆகியவை கொத்தனாரின் கைவசம் இருந்தவை. உயர்ந்த கூரையும் ஆழமான தாழ்வாரமும் வெயிலுக்கும் மழைக்கும் வேண்டியவை. கோபன்ஹேகனில் இத்தகைய தாழ்வாரத்துக்குத் தேவை இல்லை. ஐரோப்பியர் வீட்டு முன் தாழ்வாரத்தையும் பக்கத்துத் தெருத் தமிழ் வீட்டின் திண்ணையையும் சேர்த்துப் பார்த்தால் இரண்டும் ஒரே வெயிலுக்குச் சொல்லப்பட்ட விடைகள் என்பது விளங்கும். பொற்கொல்லர் தெருவில், பாரம்பரியச் சின்னங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பு பழுதுபார்த்த வீடுகளில் திண்ணையும் முற்றமும் இன்றும் அப்படியே நிற்கின்றன. மதிலுக்குள் ஐரோப்பியர், தமிழர், இஸ்லாமியர் தெருக்கள் பக்கம்பக்கமாக இருந்தன. 1733இல் டிரெல்லுண்ட் வரைந்த வரைபடத்தில் அந்தத் தெரு அமைப்பைக் காணலாம். பெரிய அளவில் அது இன்றும் மாறவில்லை.

மதப்பணியின் பங்கை ஒதுக்க முடியாது. டேனியருக்கான சியோன் ஆலயம் 1701இல் அர்ப்பணிக்கப்பட்டது. 1706 ஜூலையில் டேனிஷ் அரசர் நான்காம் பிரெடரிக் அனுப்பிய பார்த்தலோமேயு சீகன்பால்கும் ஹென்ரிக் புளூட்சோவும் கரை இறங்கினார்கள். இருவரும் ஜெர்மானியர்கள். சீகன்பால்க் தமிழ் கற்று, 1711இல் புதிய ஏற்பாட்டின் மொழிபெயர்ப்பை முடித்தார். இங்கிலாந்திலிருந்து அச்சு எந்திரம் வந்தது, ஜெர்மனியின் ஹாலேயில் தமிழ் எழுத்துகள் வார்க்கப்பட்டன. 1715க்குள் புதிய ஏற்பாடு இங்கேயே அச்சேறியது. காகிதத் தட்டுப்பாட்டைத் தீர்க்கப் பொறையாறு அருகே ஒரு காகிதப் பட்டறையும் நிறுவப்பட்டது. கடுதாசிப்பட்டறை என்ற ஊர்ப்பெயர் அந்த முயற்சியை நினைவில் வைத்திருக்கிறது. ஒரு தூணையோ வளைவையோவிட இந்தப் பெயரே பெரிய நினைவுச் சின்னம் என்று சொல்வது மிகையாகாது. இவர்கள் கட்டிய முதல் எருசலேம் ஆலயம் கடலால் சிதைந்தபின் 1718இல் சிலுவை வடிவில் புதிய எருசலேம் ஆலயம் எழுந்தது. முகப்பில் அரசர் பிரெடரிக்கின் முத்திரை இருக்கிறது. அடுத்த ஆண்டே, 36 வயதில், சீகன்பால்க் இறந்து அந்த ஆலயத்துக்குள் அடக்கமானார்.

ஆனால் ராஜ வீதிக்கு இன்றைய மிடுக்கைத் தந்தது மதமோ மிளகோ அல்ல. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரிட்டனும் பிரான்சும் இந்தியப் பெருங்கடலில் ஓயாமல் மோதிக்கொண்டன. டென்மார்க் நடுநிலை நாடு. போர்க்காலத்தில் டேனிஷ் கொடி பறந்த கப்பல் பிடிபடும் ஆபத்து குறைவு. அதே வேளையில் பிரிட்டிஷ் கம்பெனி ஊழியர்கள் இந்தியாவில் சேர்த்த தனிச் செல்வத்தை மேலதிகாரிகள் கண்ணில் படாமல் ஊருக்கு அனுப்ப வழி தேடிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பணத்தை இங்கே டேனிஷ் வணிகரிடம் கொடுத்தால் அதில் துணி வாங்கிக் கப்பலேற்றினார்கள். பணத்தின் உரிமையாளர் ஐரோப்பாவில் உண்டியல் என்ற மாற்றுச்சீட்டைக் காட்டித் தொகையைப் பெற்றுக்கொண்டார். டென்மார்க்கின் சொந்த முதல் அதிகம் இல்லாமலே தரங்கம்பாடி செழித்தது இப்படித்தான். 1777இல் டேனிஷ் கம்பெனியிடமிருந்து நிர்வாகத்தை டென்மார்க் அரசே ஏற்றது. ஆளுநர் மாளிகை, வணிகர்களின் தூண் வீடுகள், 1792இல் மறுபடி கட்டப்பட்ட நகரவாயில் எல்லாம் இந்தச் சில பத்தாண்டுகளின் விளைச்சல். வாயிலின் நெற்றியில் அரசர் ஏழாம் கிறிஸ்டியனின் முத்திரை இருக்கிறது. அப்போது ஆளுநராக இருந்த நார்வேக்காரர் பீட்டர் ஆங்கர் ஓவியரும்கூட. இவ்வூரையும் சுற்றுப்புறக் கோயில்களையும் அவர் வரைந்த நீர்வண்ணச் சித்திரங்கள் அந்தக் காலத்துக்கு நல்ல சாட்சி.

அண்டைநாட்டுப் போர்களால் கொழித்த ஊர் அந்தப் போரில் தன் அரசே சிக்கியதும் சாய்ந்தது. பிரிட்டனும் டென்மார்க்கும் பகையாளிகளாயின. 1801இல் சிறிது காலமும் 1808 முதல் 1815 வரையும் தரங்கம்பாடி பிரிட்டிஷார் கையில் இருந்தது. திரும்பக் கிடைத்தபோது வணிகம் திரும்பவில்லை. லங்காஷயர் ஆலைத்துணி வந்துவிட்ட காலம் அது, சோழமண்டலத்துத் துணிக்குக் கிராக்கி போய்விட்டது. 1845இல் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு டென்மார்க் விற்றுவிட்டது. பிரிட்டிஷார் தஞ்சை மாவட்டத் தலைமையிடத்தைக் கொஞ்சகாலம் இங்கே வைத்திருந்து பிறகு மாற்றிவிட்டார்கள். இறுதி அடி இரயில் கொடுத்தது. 1861இல் நாகப்பட்டினம் துறைமுகத்திலிருந்து உள்நாட்டுக்குப் பாதை ஓடத் தொடங்கியதும் சரக்கெல்லாம் தெற்கே போயின. மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்குக் கிளைப்பாதை வந்தது 1926இல்தான். 1986இல் அதுவும் மூடப்பட்டது.

பல நகரங்கள் செழித்ததால் தம் பழைய முகத்தை இழந்தன. நாகப்பட்டினத்தில் டச்சுக்காரரின் சுவடு சிறிதே மிஞ்சியது. தரங்கம்பாடி வறண்டதால் தப்பியது. இடித்துக் கட்ட யாரிடமும் காசில்லை. ஆளுநர் மாளிகை நீதிமன்றமாகவும் பின்னர் உப்புக் கிடங்காகவும் காலம் கழித்தது. கோட்டை பொதுப்பணித் துறையின் பயணியர் விடுதியாகி, 1977இல் தமிழக அரசின் பாதுகாப்புச் சின்னமாகி, தொல்லியல் துறை அருங்காட்சியகமானது. கலெக்டர் பங்களா இன்று தங்கும் விடுதி. டென்மார்க் தேசிய அருங்காட்சியகத்தின் உதவியோடு ஆளுநர் மாளிகை பழைய வெள்ளைக்குத் திரும்பியது.

அயல் முகப்பு என்பது கடலோரத்துக்கு மட்டும் உரியதல்ல. திருவண்ணாமலை மாவட்டத்தின் ஆரணியை இங்கே ஒப்பிடலாம். அண்ணாமலையார் கோயிலின் மதிலே கோட்டையாகப் பயன்பட்ட போர்ப் பிரதேசம் அது. பிரிட்டிஷ் தளபதிகளில் கிளைவ் 1751இலும் ஐர் கூட் 1782இலும் ஆரணியில் போரிட்டார்கள். 1767இல் திருவண்ணாமலையிலேயே மைசூரின் ஐதர் அலி படையோடு பிரிட்டிஷார் மோதினர். ஆற்காட்டு நவாபின் கர்நாடகத்துக்கும் மைசூருக்கும் இடைப்பட்ட அந்த நிலத்தில் மராட்டிய வழிவந்த ஆரணி ஜாகீர்தார்கள் சத்தியவிஜயநகரத்திலும் காட்டோரப் பூசிமலைக்குப்பத்திலும் ஐரோப்பியத் தூணும் வளைவும் கொண்ட மாளிகைகளை எழுப்பினார்கள். ஜாகீர் போனது, மாளிகைகளும் ஆளின்றிச் சிதைந்தன. அங்கே கட்டச் சொன்னவர் உள்நாட்டார், வடிவம் விரும்பிப் பெற்றது. தரங்கம்பாடியில் கட்டச் சொன்னவர் அயலார், வடிவம் அவருடையது. இரண்டிலும் கொத்தனார் இந்த மண்ணைச் சேர்ந்தவரே. கட்டச் சொன்ன செல்வத்தின் ஊற்று வற்றியதும் இரண்டு இடங்களிலும் கட்டடம் அனாதையானது. தரங்கம்பாடிக்கு மட்டும் வெளிநாட்டுக் கரிசனம் திரும்பி வந்தது. பூசிமலைக்குப்பத்துக்கு அது வரவில்லை. பாதுகாக்கத் தகுந்தது என்ற தீர்ப்பில் கட்டியவரின் நாட்டுக்கும் இடமிருப்பது வருத்தத்துக்குரியது.

மீண்டும் கடற்கரைக்கு வருவோம். காரைக்கால் 1739 முதல் பிரெஞ்சுக்காரருடையதாக இருந்தது. நாகப்பட்டினம் 1658 முதல் 1781 வரை டச்சுக்காரருடையது. இந்தக் குறுகிய கரையில் மூன்று ஐரோப்பியக் கொடிகள் அடுத்தடுத்துப் பறந்தன. அந்த எல்லைகளில் பிரெஞ்சு எல்லை மட்டும் இன்றும் வாழ்கிறது, நண்டலாற்றுக் கோடாக. டேனிஷ் எல்லை நகரவாயிலோடு நின்றுவிட்டது.

இன்று தரங்கம்பாடியில் பெரிய கூட்டம் மீனவர்களுடையது. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி தாக்கியபோது உயிரையும் வீட்டையும் இழந்தவர்கள் அவர்களே. பருத்த சுவர்க் கோட்டை நின்றது, குடிசைகள் போயின. மறுகட்டுமானத்துக்கு வந்த நிதியும் நிபுணரும் ஒருபக்கம் மீனவர் வீடுகளுக்கும் மறுபக்கம் டேனிஷ் வீடுகளுக்கும் சென்றனர். மாசிலாமணிநாதர் கோயிலுக்கும் கோட்டைக்கும் முன்னால் கடலுக்குள் கருங்கற்கள் கொட்டப்பட்டுள்ளன. அலை அவற்றில் மோதிச் சிதறுகிறது. பழைய வரைபடத்தில் கடலோரத்தில் காணப்படும் நிலத்தில் ஒருபகுதி அந்தக் கற்களுக்கு அப்பால், நீருக்கு அடியில் இருக்கிறது.