பதினொரு ஒட்டகச் சுமை

ஃப்ளோரா ஆனி ஸ்டீலும் கிரேஸ் கார்டினரும் 1888இல் துரைசானிகளுக்காக வெளியிட்ட இல்லப் பராமரிப்புக் கையேட்டை வெறும் சமையல் புத்தகமாகத்தான் வாசிக்கத் தொடங்கினேன். கோடைக்கு மலையேறும் பகுதி வந்ததும் அந்த வாசிப்பு நிலைகொள்ளவில்லை. ஒரு துரைசானி, மூணு நாலு பிள்ளைகள், வெள்ளைக்காரத் தாதி. இவங்களுக்குப் பதினொரு ஒட்டகச் சுமை. முதல் ஒட்டகத்தில் துணி டிரங்குகள். மூன்றாவதில் மூன்று பெட்டிப் புத்தகம்! படிக்கிற குடும்பம்னு ஒரு கணம் மனசு இளகத்தான் செய்தது. (நாமும் பை நிறையப் புத்தகத்தோடு கிளம்புகிறவர்கள்தானே.) அதே ஆண்டில் அலகாபாத் வீலர் கம்பெனி, ரயில் பயணிகளுக்காகக் கிப்ளிங் கதைகளை ஒரு ரூபாய்க்குப் போட்டது.

கையேட்டின் பட்டியலில் சாமானுக்குப் பெயர் உண்டு, சுமப்பவனுக்கு இல்லை.

ஸ்டீல் வாழ்ந்தது பஞ்சாபில். குமாவோன் மலையிலோ வேறுவகைப் பட்டியல்: அதிகாரிகளின் மூட்டையைக் கட்டாயமாக யார் யார் சுமக்கணும் என்று ஊர்தோறும் பெயர் எழுதிவைத்த பேகார் பதிவேடு. 1921 ஜனவரியில், பாகேஷ்வர் உத்தராயணித் திருவிழாவில், பத்ரி தத் பாண்டே முதலானோர் முன்நிற்க, அவற்றைச் சரயு ஆற்றில் வீசினார்கள்.

கையேடு மறுபதிப்பாகக் கடையில் கிடைக்கிறது. ஆற்றில் போன ஏடு கிடைக்காது. கிடைக்கக்கூடாதுன்னுதானே வீசினாங்க. அதையும் ஒரு பிரதியாக வாசித்துவிட ஆசைப்படும் என் விமர்சகப் புத்திக்கு இது சங்கடமாகத்தான் இருக்கிறது.