எக்மொண்ட் நாடகத்தில் அகமும் புறமும்

காதலை அகமென்றும் போரைப் புறமென்றும் வகுத்த தமிழ் மரபிற் பயின்றோர்க்கு, அவ்விரண்டையும் ஒரு கதையிற் பிணைக்கும் மேனாட்டு வரலாற்று நாடகங்கள் ஓர் ஐயத்தை எழுப்புதல் இயல்பு. அங்கே காதல் நாடகத்தின் உயிரோ, வெறும் ஒப்பனையோ என்பதே அவ்வையம். ஜேர்மனியப் பெருங்கவிஞர் கதே 1775இல் எழுதத் தொடங்கி 1788இல் வெளியிட்ட 'எக்மொண்ட்' என்னும் ஐந்தங்க உரைநடை நாடகம் இதனை ஆராய்தற்கு மிகவும் ஏற்றதாகும்.

நெதர்லாந்துப் பிரபுவாகிய எக்மொண்ட், 1557இலும் 1558இலும் ஸ்பானிய மன்னன் இரண்டாம் பிலிப்பிற்காகப் பிரெஞ்சுப் படைகளை வென்றவர். ஆயினும், நெதர்லாந்து மக்களின் கிளர்ச்சியை ஒடுக்குதற்கு 1567இல் மன்னன் அனுப்பிய அல்பா கோமகன் அவரையே சிறைப்படுத்தினான். 1568ஆம் ஆண்டு யூன் 5ஆம் நாள் பிறசெல்ஸ் நகரில் அவர் தலை துணிக்கப்பட்டது.

வரலாற்று எக்மொண்ட் மணஞ்செய்தவர். பல மக்களைப் பெற்றவர். கதே அக்குடும்பத்தை நீக்கிவிட்டுக் கிளாரா என்னும் எளிய குடிப்பெண்ணை அவர்தம் காதலியாகப் படைத்தார். இம்மாற்றத்தை ஷில்லர் 1788இலேயே கண்டித்தார். மனைவி மக்களின் வாழ்வை எண்ணியே எக்மொண்ட் தப்பியோடாது நின்றார். அக்காரணத்தை அகற்றியதால் தலைவன் பொறுப்பற்றவனாகின்றான் என்பது அவர் கருத்து.

இக்கண்டனம் முற்றும் பொருந்துவதன்று. ஒறேஞ்சு இளவரசர் தப்பிச் செல்லுமாறு வேண்டும்போது, தாம் ஓடினால் போர் மூளும், ஊர்கள் எரியும் என்றே நாடக எக்மொண்ட் மறுக்கின்றார். இது பொறுப்புள்ளோன் கூற்றேயாகும். எனினும் இளவரசர் அகன்றதும், மனத்திற் படிந்த கவலையைக் களையக் காதலியின் இல்லத்தை அவர் நாடுகின்றார். ஆண்டு அவர் அரசியல் எக்மொண்ட் வேறு, அன்பிற்குரிய எக்மொண்ட் வேறு எனப் பிரித்துரைக்கின்றார். அகத்தையும் புறத்தையும் இங்ஙனம் கூறுபடுத்தியதே அவர் வீழ்ச்சிக்கு வித்து. இது தலைவனின் குறையேயன்றி நாடகத்தின் குறையன்று.

கிளாராவோ அப்பிரிவினையை அறியாள். போர்வீரனைப் பின்தொடர ஆணுடை வேண்டுமென முதலங்கத்தில் அவள் விளையாட்டாகப் பாடுகின்றாள். அப்பாடலின் பொருள் ஐந்தாமங்கத்தில் வினையாகின்றது. எக்மொண்ட் சிறைப்பட்டபின் அவள் தெருவில் நின்று நகரமாந்தரைக் கிளர்ச்சிக்கு அழைக்கின்றாள். முதலங்கத்தில் வில்லெய்யும் போட்டியிடையே எக்மொண்டைப் போற்றிய அதே மாந்தர், இப்பொழுது அவர் பெயரைக் கேட்கவும் அஞ்சி ஒதுங்குகின்றனர். தலைவனை வியத்தல் வேறு, அவன்பொருட்டுத் துன்பமேற்றல் வேறு என்பதை இக்காட்சி காட்டுமளவிற்கு எந்த வீரவுரையும் காட்டாது. நாடகத்தின் உச்சம் இதுவே. காதலே இங்குப் புரட்சியாகின்றது. வாளேந்தியோர் வாளாவிருக்க, வாளேந்தாத ஒருத்தியே எழுகின்றாள்.

நஞ்சுண்டு மாய்ந்த கிளாராவின் முகத்தோடு சுதந்திரதேவி எக்மொண்டின் கனவில் தோன்றி வெற்றிமாலை காட்டும் இறுதிக் காட்சியையும் ஷில்லர் ஏற்கவில்லை. இசைநாடக உலகிற்குத் தாவியதாகவே அதனைக் கருதினார். இவ்விடத்து அவர் கூற்றில் உண்மையுண்டு. 1810இல் பேதோவன் அமைத்த இசை அக்கனவிற்குப் பெரும் பொலிவு தந்தது. ஆயினும் வரலாறு அத்துணை இனியதாக அமையவில்லை. 1648இல் ஸ்பெயின் விடுதலையை ஏற்றுக்கொண்டது வடமாகாணங்களுக்கே. எக்மொண்டின் குருதி சிந்திய பிறசெல்ஸ் பின்னும் ஸ்பெயினின் கீழேயே இருந்தது. தெருவில் மக்கள் காத்த மௌனத்தைக் கனவின் மாலையால் மறைத்துவிட முடியாது.

இறுதிக் காட்சியின் இக்குறையை ஒப்பினும் நாடகத்தின் பெருமை குன்றாது. அகம் புறத்திற்கு ஒப்பனையாகாது அதன் மனச்சான்றாக நிற்பதைக் கிளாராவின் வாயிலாகக் காட்டியமையே கதேயின் வெற்றி. கனவைக் காட்டிலும் அத்தெருக்காட்சியே கற்போர் நெஞ்சில் நெடிது நிற்கும்.